பிலிப்புக்கு வைத்திருந்த ஆறடி

எப்சிபாம்மாவின் சாம்பாரில் எப்போதும் உப்பு தூக்கலாகத்தான் இருக்கும். யாராவது சொன்னால், "வேணும்னா துன்னு, வேணாம்னா தட்ட வெச்சிட்டுப் போ" என்பார். திருப்பதியில் பெண்கள் கல்லூரி விடுதி ஒன்றில் அவர் சமையல். அதே விடுதியில் தங்கி, கல்லூரியில் நான் நிலவியல் நடத்திக்கொண்டிருந்தேன். மூஞ்சியில் அடித்தாற்போலப் பேசும் ஆட்களை எனக்குப் பிடிக்கும். அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

சித்தூர்ப் பக்கத்து மிஷன் சபைக்காரர். புருஷன் தேவானந்தம் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகன் பிலிப். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் ஊரில் தங்கவில்லை. பெங்களூர் கம்பெனிக்குப் போனார்கள், குவைத்துக்குப் போனார்கள். வீட்டுக்கு வீடு டிவி வந்தது, பிள்ளைகள்தான் இல்லை. பிலிப் சென்னை ஏஜெண்டு ஒருவனைப் பிடித்துச் சரக்குக் கப்பலில் ஏறினான். இரண்டாயிரத்து ஒன்றில், நிக்கோபாருக்கு மேற்கே, புயல்காற்றில் கடலில் விழுந்துவிட்டான். தேடினோம், கிடைக்கவில்லை என்று கப்பல் கம்பெனிக்காரர்கள் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

சபைக் கல்லறைத் தோட்டத்தில் தேவானந்தத்தின் பக்கத்தில் ஆறடி இடம் காலியாக இருந்தது. வழக்கப்படி அது எப்சிபாம்மாவுக்கு உரியது. அவரோ அது பிலிப்புக்குத்தான் என்று பிடித்த பிடியில் நின்றார். உடல் இல்லாமல் கல்லறை கட்டச் சபையில் வழக்கமில்லை. தோட்டமும் நிரம்பிக்கொண்டு வந்தது. எத்தனை நாள்தான் சும்மா போட்டுவைப்பது என்று கமிட்டிக்காரர்கள் ஞாயிறு தவறாமல் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் எனக்கு அவர்கள்மேல் ஆத்திரம்தான்.

ஒருநாள் காபி கொண்டுவந்தவர் என் அறைச் சுவரில் இருந்த கடல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிக்கோபாரு எது மேடம்?"

காட்டினேன். அதன் மேற்கில் நீளமாக ஓடிய கருநீலக் கோட்டைத் தொட்டு, "இது இன்னா?" என்றார்.

இரண்டு பாய்களை விரித்து, ஒன்றை இன்னொன்றின் அடியில் தள்ளிக் காட்டினேன். நம் பக்கத்துக் கடல்தரை அந்த இடத்தில் இப்படித்தான், நகம் வளர்வதைவிட மெதுவாக, அந்தமான் பக்கத்துத் தரைக்கு அடியில் நுழைகிறது. சிப்பி, மீன்முள், செத்த உயிர்கள் எல்லாம் சேர்ந்த சேறு அதன்மேல் படிந்திருக்கிறது. அதில் கொஞ்சம் மேல்பாயின் விளிம்பில் சுரண்டப்பட்டு அங்கேயே குவிந்துவிடும். மிச்சம் உள்ளே போகும். ஆழத்தில் வெந்து நெரிந்து, அதிலுள்ள கரி கொஞ்சம் வாயுவாகி எரிமலை வழியே வெளியே வரும். பிறகு காற்றிலும் மழையிலும் கலந்து புல்லாகும், பூண்டாகும். இன்னும் கொஞ்சம் அடியிலேயே போய்விடும், அது வருவதே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அப்ப, வெளிய வர்து."

அடுத்த ஞாயிறு கமிட்டியில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். "காலேஜ் மேடமே சொல்லிட்டாங்க. உள்ள போனது திரும்பி வர்தாம். எம்புள்ள எடத்த யாரும் தொடாதீங்க." கடைசி நாளில் செத்தவர்கள் எல்லாரும் எழும்புவார்கள் என்று அந்தச் சபையில் வாராவாரம் சொல்கிறவர்கள்தான். ஆனால் அன்று யாரும் ஆமென் சொல்லவில்லை. செயலாளர் மட்டும் மரியாதையாகவே கேட்டிருக்கிறார், எப்போது வரும் என்று.

திங்கட்கிழமை என் அறைக்கு வந்தார். "எத்தினி வருசம் ஆவும் மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பல லட்சம் வருஷம் ஆகும்மா. கோடியும் ஆகலாம். வந்தாலும் அவனாக வராது. காத்தோட காத்தா வரும், அதில் அவன் எதுன்னு யாராலும் சொல்ல முடியாது."

"சேறு கொஞ்சம் ஓரமா நின்னுடும்னு சொன்னீங்களே?"

"நிற்கும். எது நின்றது, எது போச்சுன்னு தெரியாதும்மா."

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைய சாம்பாரில் உப்பே இல்லை. பெண்கள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்கள்.

அந்த மாதமே குவைத்தில் செத்துப்போன பாலசுந்தரத்தின் உடல் பெட்டியில் வந்தது. அவனும் அதே சபை, பிலிப்போடு ஒன்றாகப் படித்தவன். விமானத்தில் சென்னை வந்து, வேனில் ஊர் வந்து சேர்ந்தான். அவன் தாய் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது, எப்சிபாம்மாவுக்காக. தோட்டத்தில் வேறு இடம் இல்லை. யாரும் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "அங்கயே வைங்க. வந்தவனுக்குக் குடுக்காம, வராதவனுக்கு வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்?"

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் நானும் கூடப் போனேன். தேவானந்தம் கல்லறைக்கு நசுக்கிய பனைமட்டையால் சுண்ணாம்பு அடித்துவிட்டு, பக்கத்திலிருந்த பாலசுந்தரம் கல்லறைக்கும் அடித்தார். வெயில் ஏறிவிட்டது. அடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மேடம், அந்தப் பாயிக்கு அடியில நெருப்பா கீது?"

அவருக்கு நல்லதாகச் சொல்ல என்னிடம் முதல்முறையாக ஒன்று இருந்தது. அதுவும் உண்மை. அவசரமாகவே சொன்னேன்.

"இல்லம்மா. அவன் இருக்கிற இடத்தில் நெருப்பே இல்லை. கடலடியில் சில்லென்றுதான் இருக்கும். அந்தத் தரை அடியில் போனாலும் ரொம்ப காலத்துக்குச் சூடு ஏறாது."

மட்டை நின்றது.

"சில்லுனா?" என்றார். "அவனுக்குக் குளுரு ஆவாதே மேடம். மார்கழி வந்தாலே மூச்சு இழுக்குமே."

மட்டையை வாளிக்குள் போட்டுவிட்டு, ஈரச் சுண்ணாம்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.