அடுத்த வீட்டில் இருந்த மருந்து

பட்டணத்தில் சர்க்கார் பஸ் புதிதாக ஓடிக்கொண்டிருந்த வருஷம் அது. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். மழை பெய்த ஒரு காலையில் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்ததில், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து பிளாஸ்டர் போட்டு, சில வாரம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீடு என்றால் பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் தனியாக வாடகைக்கு இருந்த இரண்டு அறை. அப்பாவும் அம்மாவும் இல்லை. நாகர்கோவிலிலிருந்து தங்கை வந்து கொஞ்ச நாள் இருந்தாள். அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்ததும் அழுதுகொண்டே போனாள். அதற்குப் பிறகு, காலையில் வந்து சோறு பொங்கி என் கட்டில் பக்கத்தில் மூடி வைத்துவிட்டுப் போகும் ஒரு சமையல்காரி மட்டும்தான்.

வலிக்கு அபினி கலந்த தண்ணீர் மருந்து தந்திருந்தார்கள். குப்பியில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தில் வெட்டு வெட்டாக அளவு காட்டியிருந்தது. ஒரு வேளைக்கு ஒரு வெட்டு. தங்கை போன மறுநாள் மத்தியானம் தூக்கத்திலிருந்து வலியோடு விழித்தேன். மருந்து குடித்தேனா, குடிக்கவில்லையா என்று தெரியவில்லை. குடித்தேன். அப்புறமும் ஒரு தடவை குடித்திருக்க வேண்டும்.

மழை வருகிறது, கொடியில் கிடக்கும் என் துணியை எடுத்துத் தரலாம் என்று அடுத்த வீட்டு அக்கா வந்தாளாம். கோர்ட்டு குமாஸ்தா ஒருவரின் மனைவி. அதுவரை வேலிக்கு மேல் சிரித்துக்கொள்வதோடு சரி. கூப்பிட்டும் நான் எழும்பவில்லை, உதடு நீலம் பாய்ந்திருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தில் அறைந்து, புருஷனை டாக்டரிடம் ஓடச் சொன்னாள். அன்று முழுக்க அவள் என்னைத் தூங்கவிடவில்லை. கடுங்காப்பியின் கசப்புதான் எனக்கு ஞாபகமிருக்கிறது.

டாக்டர் போகும்போது குப்பியை அவள் கையில் கொடுத்து, இனி இது உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றார்.

அதன்பின் வேளை தவறாமல் அக்கா வருவாள். அளந்து ஊற்றி, நான் விழுங்கும்வரை நின்று பார்ப்பாள். “வேதனை கொறஞ்சிருக்கா டீச்சரே?” என்பாள். பதில் முடியுமுன் அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று போய்விடுவாள். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மூன்று பிள்ளைகள், மாமியார். அவளுக்கு ஏது நேரம். கதவுக் கொண்டி அசைகிறதா என்றே என் காது கிடக்கும். அவள் போனதும் மருந்து ஏறித் தூக்கம் வரும். விழிக்கும்போது ஜன்னலில் மங்கிய வெளிச்சம் இருக்கும். விடிகிறதா, அந்தியா என்று கேட்க ஆளில்லாமல் படுத்திருப்பேன்.

ஒருநாள் காலையில் அவள் வரவில்லை. அடுத்த வீடு பூட்டியிருக்கிறது என்று சமையல்காரி சொன்னாள். மத்தியானமும் போயிற்று. பிளாஸ்டருக்குள் எலும்பை யாரோ முறுக்குவதுபோல் இருந்தது. தலையணையைக் கடித்தேன். பைபிளிலிருந்து தெரிந்த சங்கீதங்களைச் சத்தமாகச் சொன்னேன். சபை வாத்தியார் வீட்டுப் பெண், நிறையத் தெரியும். எல்லாம் தீர்ந்த பிறகு வாய்ப்பாடு சொன்னேன். எப்போதோ வலி குறைந்திருந்தது. மருந்தில்லாமல் குறைந்தது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லவும் பக்கத்தில் யாருமில்லை.

அந்தி சாயும் நேரம் அக்கா வந்தாள். தலை ஈரமாக இருந்தது, கையில் குப்பி.

“மறந்தே போயிட்டேன் டீச்சரே. மருந்து எங்கிட்டல்லா இருக்கு. தம்பி போயிட்டான்னு விடியக்காலம் ஆள் வந்தாவ. அப்பிடியே ஓடிட்டேன்.”

நெய்யாற்றின்கரையில் இருந்த அவளுடைய ஒரே தம்பி. சாவு வீட்டிலிருந்து குளித்துவிட்டு நேரே என்னிடம் வந்திருந்தாள். அவள் ஊற்றப் போனபோது கையைப் பிடித்தேன்.

“வேண்டாம் அக்கா. இப்ப வலி இல்ல. நீங்க கொஞ்சம் இரியுங்க.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். வீட்டில் மாமியார் முன்னால் அழ முடியாது என்றாள். நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து, பிளாஸ்டர் வெட்டுவதற்கு முன்பே நிறுத்தினார் டாக்டர். நல்ல செய்திதான். ஆனால் அக்கா வருவதும் அதோடு குறைந்தது. வரவேண்டிய காரியம் இல்லையே. வராத நாளில் என் மனது கனத்துக் கிடந்தது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கால் கொஞ்சம் குட்டையாகத்தான் சேர்ந்தது. கம்பு ஊன்றி நடக்கப் பழகியதும் ஒரு சாயங்காலம் நானே அவள் வீட்டுக்குப் போனேன். மாவாட்டிக்கொண்டிருந்தவள், பிள்ளையை விட்டு நாற்காலி போடச் சொன்னாள். உரல் சத்தம் கேட்டுக்கொண்டு அங்கே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரம் எழுந்து திரும்பினேன். மறுநாளும் போனேன்.