வெறுங்கலம் வந்த பங்குனி

மடுல்சீமைக்கும் பதுளைக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றின் சாரதி வீரசிங்கம். அவருடைய இருக்கைக்கு நேர் மேலே முருகன் படம் ஒன்று உண்டு. படத்தின் அடியில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. புதிதாக ஏறுவோர் அதனைப் பஸ்ஸுக்கான நேர்த்தி என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டு அமர்வர். பழகியோர் அறிவர்: அது விண்ணுக்குச் சென்றிருப்போரின் பொருட்டுக் கட்டிய முடிச்சு.

ஒருவர் தூரதேசம் புறப்பட்டால், மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு நாணயத்தை முடிந்து சாமி படத்தடியில் வைப்பது மலையகத்து வீடுகளின் வழக்கம். போனவர் நலமே திரும்பியதும் முடிச்சை அவிழ்த்து, நாணயத்தைக் கோயில் உண்டியலில் சேர்ப்பர். இவ்வழக்கத்தைச் சோயுஸ் என்னும் ருஷ்ய விண்கலத்தில் ஏறுவோருக்கும் உரியதாக்கிக்கொண்டவர் வீரசிங்கம். கலம் எழும் நாளில் முடிவார். இறங்கும் நாளில் அவிழ்ப்பார். பஸ் ஓட்டத் தொடங்கிய நாள்முதல் இது நடந்து வருகிறது.

இதன் வித்து அவருடைய ஆறாம் வயதில் விழுந்தது. எழுபத்தோராம் ஆண்டின் ஆனி மாதம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரேயொரு வானொலிதான், அது அவர் தந்தையிடம் இருந்தது. மூன்று பேர் விண்ணில் தங்கியிருக்கும் செய்தியை மாலைதோறும் லயமே கூடிக் கேட்டது. அவர்கள் திரும்பும் நாளும் வந்தது. குடை விரிந்தது, கலம் குறித்த நிலத்தில் பழுதின்றி அமர்ந்தது. மீட்கச் சென்றோர் கதவைத் திறந்தபோது மூவரும் தத்தம் இருக்கையிலேயே உயிர் நீத்திருந்தனர். இறங்கும் வழியில் ஒரு வால்வு திறந்துகொண்டதும், உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறிப்போனதும் பின்னாளில் தெரியவந்தன. அன்று தந்தை வானொலியை நிறுத்திவிட்டு, "கலம் வந்துருச்சு, ஆளு வரல" என்றார். லயத்தார் கலைந்தனர்.

அதற்குப் பின் அக்கலத்தில் ஏறிய எவரும் உயிரிழக்கவில்லை. மூவர் அமர்ந்த இடத்தில் இருவரை அமர்த்தி, காற்றுப்புகா உடையணிவித்து, பல்லாண்டு கழித்தே மீண்டும் மூவரை ஏற்றினார்கள். எண்பத்து மூன்றில் ஏவுதளத்திலேயே தீ மூண்டபோது, தப்பிக்கும் பொறி உள்ளிருந்த இருவரையும் கலத்தோடு பிய்த்தெடுத்துக்கொண்டு வானில் பாய்ந்தது. ஈராயிரத்துப் பதினெட்டில் ஏறும் வழியிலேயே ராக்கெட் பழுதுற்றது; அன்றும் இருவர் பிழைத்து இறங்கினார்கள். வழியிலுள்ள பசறையில் முடிந்த முடிச்சை வீரசிங்கம் பதுளையில் அவிழ்த்த நாள் அது.

அக்கலத்தின் மீது அவருக்கிருந்த பற்று, ஒரு சாரதி இன்னொரு வண்டியின்மீது வைக்கும் பற்று.

"அறுவத்தேழுல ஆளு ஏத்துன வண்டிதான் இன்னைக்கும் ஓடுது. உள்ள இருக்குற சாமானத்த மாத்துவான், ஒடம்ப மாத்தமாட்டான்" என்பார்.

"நம்ம முதலாளி ரெண்டையுமே மாத்தமாட்டாருண்ணே" என்பார் நடத்துனர் நிமலன். தொந்தியும் சிரிப்புமாகப் படிக்கட்டை நிறைத்து நிற்கும் நிமலன் அவரோடு பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறார்.

"ராக்கெட்டுக்குப் போற வழியில பஸ்ஸ நிப்பாட்டி, பின்பக்கத்து வலது டயருல ஒண்ணுக்குப் போய்ட்டுத்தான் ஏறுவாங்களாம். மொத மொத போனவரு அப்புடிச் செஞ்சாராம். அதுலருந்து வழக்கம்."

"அது நம்ம டயருலயும் தெனம் நடக்குதுண்ணே, பசறை ஸ்டாண்டுல. ஆனா ஒருத்தனாச்சும் மேல போனதா நான் கேள்விப்படல."

ஈராயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு எரிபொருளின்றி நாடே நின்றது. பஸ் ஓடிய நாளைவிட டீசல் வரிசையில் நின்ற நாளே மிகுதி. வீரசிங்கத்தின் ஒரே மகள் யசோதினி வேலை பார்த்த பதுளைத் துணிக்கடையும் ஆட்களைக் குறைத்தது. அவளுக்கு மாலைதீவின் சுற்றுலா விடுதி ஒன்றில் வேலை கிடைத்தது: விரிப்புகளை வெளுத்து மடிக்கும் பணி, ஆறு மாத ஒப்பந்தம். கடல் நடுவே சிறியதொரு தீவு. அத்தீவில் அவ்விடுதியன்றி வேறொரு வீடும் இல்லை.

அவள் விமானமேறியது புரட்டாசியின் முதல் வாரம். அதே வாரம் சோயுஸ் ஒன்று மூவரைச் சுமந்து எழுந்தது. அவர்களுக்கும் தவணை ஆறு மாதமே. வீரசிங்கம் ஒரே துணியில், அவர்களுக்கொன்றும் மகளுக்கொன்றுமாக, இரண்டு நாணயங்களை வைத்து முடிந்தார். மனைவி சந்திரகாந்திக்கு அது பிடிக்கவில்லை.

"நம்ம புள்ள என்னா ராக்கெட்டுலயா போனா? அவங்களோட ஏன் சேத்துக் கட்டுறீங்க?"

"அங்கயும் ஆறு மாசம், இங்கயும் ஆறு மாசம். வழித்துணையா இருக்கட்டுமே."

மார்கழி பிறக்கும் தறுவாயில் அத்துணைக்கு இடர் வந்தது. விண்ணில் நிலையத்தோடு பிணைந்திருந்த கலத்தின் ஓரத்தில் ஊசித்துளை போன்றதொரு ஓட்டை விழுந்து, உள்வெப்பத்தைத் தணிக்கும் திரவம் முழுவதும் இருளில் சிதறிப்போயிற்று. அதில் மூவரும் இறங்கினால் வெப்பம் தாளாது. ஆதலால் எவரும் ஏறாத வெறுங்கலம் ஒன்றைக் கீழிருந்து அனுப்புவது, பழுதுற்ற கலத்தை ஆளின்றி இறக்குவது என்று முடிவாயிற்று. ஆயினும் அந்தப் புதுக்கலம் மாற்று ஆட்களை ஏற்றிச் செல்ல வைத்திருந்த கலம். மாற்று ஆட்கள் வர வேறொன்று ஆயத்தமாக வேண்டும். அதுவரை இம்மூவரும் மேலேயே இருக்க வேண்டும்.

தை மாதத்தில் யசோதினி தொலைபேசியில் பேசினாள். "மாத்து ஆளு வரலையாம்பா. வர்ற வரைக்கும் இருன்னு சொல்றாங்க. என் பாஸ்போட்டும் இவங்க ஆபீசுலதான் இருக்கு."

"எத்தன நாளைக்கும்மா?"

"அதத்தான் சொல்லமாட்டேங்குறாங்க."

வீரசிங்கம் அன்றிலிருந்து பேச்சைக் குறைத்தார். கலத்தில் விழுந்த ஓட்டையைப் பற்றி நிமலனிடம்கூட ஒரு சொல் சொல்லவில்லை. வாயால் உரைத்தால் அது மகளையும் பற்றிக்கொள்ளுமோ என்ற அச்சம். அந்த மௌனமே பின்னர் வினையாயிற்று.

பங்குனி மாதம் ஒரு காலை, பதுளை ஸ்டாண்டில் வீரசிங்கம் டயருக்குக் காற்றடிக்கச் சென்றிருந்தார். நிமலனின் கைபேசியில் செய்தித் தலைப்பொன்று வந்தது: சோயுஸ் தரையிறங்கியது. தலைப்புக்கு மேல் அவர் படிக்கவில்லை. அண்ணனுக்கு ஒரு வேலை மிச்சம் என்று எண்ணி, முடிச்சைக் கழற்றி அவிழ்த்து, உள்ளே இரண்டு நாணயங்கள் இருப்பதைக் கண்டு சற்றே வியந்து, இரண்டையும் முருகன் கோயில் உண்டியலில் போட்டு, விபூதியும் பூசிக்கொண்டு வந்தார்.

வீரசிங்கம் இருக்கையில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தார். கொக்கி வெறுமையாக இருந்தது.

"உங்க ஆளுங்க வந்துட்டாங்கண்ணே. நானே உண்டியல்ல போட்டுட்டேன்."

"ஆளு வரல நிமலா. வெறும் வண்டிதான் வந்திருக்கு. ஆளு மேலதான் இருக்கு." கொக்கியைத் தொட்டுப் பார்த்து, "அதுல யசோதினி காசும் இருந்துச்சு" என்றார்.

பஸ் புறப்பட்டது. மீதிக் காசு கேட்ட பெண்ணுக்கு நிமலன் இருமுறை மீதி கொடுத்தார்.

அன்று மாலை, கலத்தின் ஓட்டை முதல் உண்டியல் வரை கணவர் சொல்லக் கேட்டுச் சந்திரகாந்தி அடுப்படியிலேயே அமர்ந்துவிட்டாள். வேண்டுதல், வேண்டியது நிகழுமுன்பே முடிந்துவிட்டது. சற்று நேரத்தில் நிமலன் வாசலில் வந்து நின்றார். கையில் புதிய மஞ்சள் துணி.

"அக்கா, நீங்க ரெண்டு திட்டு திட்டிருங்க. அண்ணே பேசாம வண்டி ஓட்டுறதுதான் தாங்கல."

"ஒன்னத் திட்டி என்னா ஆகப்போகுது. துணியக் குடு" என்றாள். மஞ்சள் கரைத்து, துணி நனைத்து, விளக்கின் முன் புதிதாக இரண்டு நாணயங்களை முடிந்தாள். முன்பு சேர்த்துக் கட்டியதைக் கடிந்தவளே இம்முறை சேர்த்துக் கட்டினாள். பிறகு கணவரைப் பார்த்துக் கேட்டாள்: "அவங்களக் கூட்டிவர வெறும் வண்டி போச்சுன்னீங்களே. நம்ம புள்ளைக்கு யாரு அனுப்புவா?"

வீரசிங்கத்துக்கு அக்கேள்வியே வழியாயிற்று. மறுநாள் மதியம் கணவனும் மனைவியும், யசோதினியை வேலைக்கு அனுப்பிய முகவர் ஷுக்ரியின் பதுளைக் கடைவீதி அறைக்குச் சென்றனர்.

"மாத்து ஆளு வரலன்னு சொல்றாங்களே தம்பி, அந்த ஆளு யாரு?"

ஷுக்ரி ஒளிக்கவில்லை. "ஹல்துமுல்லைப் புள்ள ஐயா, விதுஷான்னு. போகணும்னு துடியாத் துடிக்குது. பாஸ்போட்தான் இல்ல. தாய் கொழுந்தெடுக்குறவங்க, கொழும்பு பாத்ததே இல்ல. அந்தக் கியூவ நெனச்சே பயப்படுறாங்க."

வெளியே வந்ததும் சந்திரகாந்தி நின்றாள். "இன்னொருத்தி புள்ளைய அங்க ஏத்திட்டு நம்ம புள்ளைய எறக்குறதா?"

மகளிடமே கேட்டார்கள். யசோதினி சிரித்தாள். "வேலை வேலைதான்மா. சோறு நல்லாருக்கு, யாரும் கை நீட்டுறதில்ல. வீட்டுக்குத்தான் விடமாட்டேங்குறாங்க. மாத்து ஆளு இல்லாட்டியும் தவணை முடிஞ்சா அனுப்பணும்னு அந்தப் புள்ள கொந்தரப்புல எழுதச் சொல்லுங்க. நான் அதக் கேக்காம வந்ததுதான் தப்பாப்போச்சு."

ஷுக்ரி விடுதியாரோடு பலநாள் பேசி, ஒப்பந்தத்தில் அவ்வாறே எழுதி வாங்கினார்.

விதுஷாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்கச் சந்திரகாந்தியே பதுளையில் கொழும்பு ரயிலேறினாள். ஹப்புத்தளையில் விதுஷா ஏறிக்கொண்டாள். தாய் கட்டித் தந்த ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி, பக்கத்தில் இருப்பவள் யாரென்று நன்கறியாமலே அவள் தோளில் உறங்கினாள். முதல்முறை வரிசை அவர்களை எட்டுமுன் அலுவலகம் மூடிவிட்டது, வெறுங்கையோடு திரும்பினர். இரண்டாம் முறை கைரேகை வைத்தாயிற்று. ஆடியில் கடவுச்சீட்டு வந்தது. ஆவணி கழிந்து, மீண்டும் புரட்டாசி பிறந்த அளவில் விதுஷா விமானமேறினாள். அவளுக்கும் ஒரு முடிச்சு கொக்கியில் ஏறியது. விண்ணிலும் மாற்றுக் கலம் அதே நாட்களில் நிலையத்தைச் சேர்ந்திருந்தது.

ஒரு மாலை பதுளை ஸ்டாண்டில் நிமலன் கைபேசியை இரு கையாலும் ஏந்தி வந்தார். கலம் கசகஸ்தானின் வெட்டவெளியில் சாய்ந்து கிடந்தது. கதவு திறந்தது. ஒருவர்பின் ஒருவராக மூவரையும் தூக்கி எடுத்து நாற்காலிகளில் அமர்த்தினார்கள். வெளுத்திருந்தனர், ஆயினும் கையசைத்தனர்.

வீரசிங்கம் நெடுநேரம் பார்த்தார். "மூணு பேருமா?"

"மூணு பேருந்தாண்ணே. நல்லா எண்ணிட்டேன்." பிறகு முடிச்சை நோக்கி, "பாதிய அவுக்கலாமா?" என்று தயங்கினார்.

"முடிச்சுல பாதி ஏது? அவ வரட்டும்."

நான்காம் நாள், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குச் சென்றிருந்த சந்திரகாந்தியோடு யசோதினி பதுளையில் வந்து இறங்கினாள். கறுத்திருந்தாள், சற்றே பருத்துமிருந்தாள். தந்தையின் பஸ்ஸில் முன்னிருக்கையில் அமர்ந்தாள். வளைவுதோறும் முடிச்சு ஆடியது; கண்ணாடியில் வீரசிங்கத்தின் கண் மகளிடம் போய்ப்போய் வந்தது.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கப்பா. நான் எங்கயும் போகல."

பசறை கடந்ததும் அவள் கொக்கிக்குக் கை நீட்டினாள். "அவுக்கட்டா?"

"இப்ப வேணாம்."

"இன்னும் நான் எறங்கலையாக்கும்?"

மூடுபனிக்குள் ஏறி மடுல்சீமையில் பஸ் நின்றது. வீரசிங்கம் எஞ்சினை நிறுத்தி, தாமே முதலில் இறங்கி, சுற்றி வந்து படிக்கட்டின் கீழே நின்றார். யசோதினி பையோடு வாசலுக்கு வந்தாள். அவர் அவளுடைய இரு கைகளையும் பற்றி, சிறுபிள்ளையை இறக்குவதுபோல் மண்ணில் இறக்கினார்.

"ஆளு வந்துருச்சு" என்றார். அப்போதுதான் அவருக்குக் கண்ணீர் வந்தது.

"அண்ணே, நாற்காலி கொண்டாரவா?" என்று பின்னாலிருந்து நிமலன் கேட்டார்.

யசோதினிக்கு அது விளங்கவில்லை. எல்லோரும் சிரித்ததால் அவளும் சிரித்தாள். பிறகு ஏறிச் சென்று தன் முடிச்சைத் தானே அவிழ்த்து, இரண்டு நாணயங்களையும் தாயின் கையில் வைத்தாள். விதுஷாவின் முடிச்சு அசைந்ததைக் கையால் நிறுத்தி, "பாவம், மொத வாரம் ரொம்ப அழுதா. இப்ப சரியாயிட்டா" என்றாள்.

மறுநாள் காலை முதற்பயணத்தில் சந்திரகாந்தியும் பதுளைக்கு வந்தாள். கோயில் உண்டியலில் இரண்டு நாணயங்கள் விழுந்தன. நிமலன் அன்று உண்டியல் பக்கமே வரவில்லை. வாசலில் செருப்புகளுக்குக் காவலாக நின்றார்.