இடிப்பதற்கு முன் ஓர் அளவு

மெல்பேணுக்கு வந்து மூன்றாவது வருடம். இன்னும் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்கள் 'இயன்' என்று கூப்பிடும்போது நான் அவருடைய மேசையருகே போய் நின்று தொண்டையைச் செருமுவேன். ஒரு நாள் அவர் இருமல் மருந்துப் போத்தலொன்றை வாங்கி வந்து என் மேசையில் வைத்தார்.

இயன் ஸ்கொட்லாந்துக்காரர். தன் ஊர்க் கோட்டையின் பழைய அளவுத் தாள்களைத் தந்து, அடி அங்குலத்தை மில்லிமீட்டருக்கு மாற்றிப் புதிதாக வரையச் சொன்னார். முதலில் கட்டியது ஒரு கற்கோபுரம் மட்டுமே. சண்டைகள் ஓய்ந்தபின் அம்புத் துவாரங்களை உடைத்து யன்னல் வைத்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை இருபுறமும் மாளிகை கட்ட, இன்னொன்று அதில் பாதியை இடித்திருக்கிறது. மூன்றாம் மாடியில் ஒரு கதவு வெறும் வெளியில் திறந்தது. கொழும்பில் பதினெட்டு வருடம் அரசாங்கப் படவரைஞனாக இருந்தவன் நான். அளந்தவரின் பிழையென்று அதைச் சுவராக்கிவிட்டேன்.

"கதவு எங்கே?" என்றார் இயன்.

"அதால் வெளியே போனால் விழுந்து சாகவேண்டியதுதான்."

அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். "அங்கே முன்பு படி இருந்தது. படியை இடித்தவர்களே கதவை அடைக்கவில்லை. நீங்கள் மெல்பேணிலிருந்து அடைத்துவிட்டீர்கள்!"

அதே வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கையின் கணவர் எழுதியிருந்தார். பிள்ளைகள் மூன்று பேராகிவிட்டார்கள், என் அறைச் சுவரை இடித்து விறாந்தையோடு சேர்க்கலாமா என்று. அது எங்கள் பெற்றோரின் வீடு, தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்தது. கேட்காமலே இடிக்கலாம். கேட்டதுதான் என்னை இருக்கவிடவில்லை. இரண்டு முறை சம்மதமென்று எழுதினேன், இரண்டு முறை கிழித்தேன்.

"ஓம் எண்டு எழுதுங்கோவன். ஆருக்கு அந்த அறை?" என்றாள் மனைவி.

"ஊருக்குப் போனால் எங்கை படுக்கிறது?"

"போற ஆளின்ர கதையைப் பார்!"

சரி, இடிப்பதென்றால் கூரை விழாமல் இடிக்கட்டும், படம் வரைந்து அனுப்புவோம் என்று தாளை விரித்தேன். நான்கு சுவர் போட்டேன். யன்னல் தெற்கிலா மேற்கிலா? தெற்கு என்றேன். மேற்கு என்றாள் மனைவி. அவள் அந்த அறையில் இருந்தது இரண்டு மாதம். நான் பிறந்ததே அங்கேதான். கண்ணால் காணாத கோட்டையின் ஒவ்வொரு சுவரின் தடிப்பும் எனக்கு மனப்பாடம். அழித்து அழித்து வரைந்ததில் தாள் கிழிந்தது.

மறுநாள் எழுதினேன்: "சம்மதம். இடிக்க முன், அறையை ஒருமுறை அளந்து எனக்கு அனுப்பவும். யன்னல் எந்தப் பக்கம் என்பதையும் குறிக்கவும்."