வாட்ஸிடம் பேரம் படியாது

பனியன் தொழிலில் ஊறியவனுக்கு ஒரு வியாதி உண்டு: யார் எந்த எண்ணைச் சொன்னாலும், அது பேரத்தின் முதல் வார்த்தையாகத்தான் அவன் காதில் விழும். நான் அருள்புரத்தில் தையல் யூனிட் நடத்துகிறவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மீதிப் படிப்பை நூல் ஏஜென்ட்டுகளும் சாயப்பட்டறைக்காரர்களும் என்னை ஏமாற்றி ஏமாற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் படிப்போடு கோபமும் வந்து ஒட்டிக்கொண்டது.

காலையில் ஓடிவிட்டு, அன்றைக்கெல்லாம் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடுகிற சக பாவிகளே, இது உங்களுக்காக. ஷூவில் பவர் மீட்டர் மாட்டிய முதல் வருஷத்துக் கதைகள். அது என்னவென்று தெரியாதவர்களுக்கு: பேரீச்சம்பழம் அளவில் ஒரு கருவி. லேஸில் மாட்டிக்கொண்டு ஓடினால், நாம் எவ்வளவு சக்தி செலவழிக்கிறோம் என்று கணக்குப் போட்டு, கைக்கடிகாரத்தில் வாட்ஸ் கணக்கில் காட்டும். வேகத்தைப் பார்த்து ஓடுகிறவனை மேடும் காற்றும் ஏமாற்றிவிடும். வாட்ஸைப் பார்த்து ஓடுகிறவன் கடைசி வரை தாக்குப் பிடிப்பான்.

சுமதி போட்ட ஒப்பந்தம்

மீட்டர் வருவதற்கு முன்னால் ஒரு இருபத்தோரு கிலோமீட்டர் பந்தயம் ஓடினேன். ஓடினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி. யார் என்னைத் தாண்டினாலும் துரத்திப் பிடித்தேன். பதினேழாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க் முன்னால் விழுந்தேன். ஆம்புலன்ஸில்தான் வீடு வந்தேன். என் மனைவி சுமதி ஷூவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இரண்டு மாதம் ஓடவில்லை. சர்க்கரை ஏறியது, அதைவிட என் குரல் ஏறியது. காலையில் ஓடிவிட்டு வந்தால்தான் நான் மனுஷன் என்பது யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் பெண்கள் நாலு பேரும் கட்டிங் மாஸ்டர் ஜெபராஜும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "அக்கா, அண்ணனை ஓட உடுங்க, எங்க காது போவுதுங்க" என்றார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சுமதி அவர்கள் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இன்னொரு பந்தயம் ஓடுங்க. உங்க கால்ல நடந்து ஊட்டுக்கு வந்தீங்கன்னா மேற்கொண்டு ஓடிக்கலாம். வண்டில படுத்துட்டு வந்தீங்கன்னா அதோட முடிஞ்சுதுங்க."

எடை

எனக்கும் ஜெபராஜுக்கும் ஓட்டம் சொல்லிக் கொடுத்தவர் மகேஸ்வரி. பல்லடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு ஆசிரியை, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் விழுந்த கதையைக் கேட்டுவிட்டு, பவர் மீட்டர் வாங்கச் சொன்னார். கோயமுத்தூர் கடைக்காரரோடு மூன்று நாள் போனில் மல்லுக்கட்டி வாங்கினேன்.

மீட்டரைப் போனோடு இணைக்கும்போது அது என் எடையைக் கேட்டது. எண்பத்து நாலு கிலோ. எழுபத்தாறு என்று போட்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கேட்ட உடனே உண்மையைச் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். எடையை வைத்துத்தான் மீட்டர் வாட்ஸைக் கணக்கிடுகிறது என்பதும் எனக்குத் தெரியாது. தன் பள்ளி மைதானத்தில் மகேஸ்வரி என்னை மூன்று நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடவிட்டு, ஓய்வு கொடுத்து, மறுபடி ஒன்பது நிமிஷம் ஓடவிட்டு என் பலத்தை அளந்தார். என் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, இது உங்ககிட்ட சரக்கு வாங்க வந்த ஆளு இல்லீங்க. இதுகிட்டயும் எதுக்குங்க கொறைச்சுச் சொல்றீங்க?"

இழுத்து விரித்த துணி

சரியான எடை போட்டு, மறு வாரம் மறுபடி அளந்தோம். பந்தயம் முழுக்க இருநூற்றுப் பதினைந்து வாட்ஸைத் தாண்டக் கூடாது என்றார் மகேஸ்வரி. ஒருவர் சொல்லும் முதல் எண்ணில் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும், தள்ளினால் நகரும் என்பது என் அனுபவம். அடுத்த ஞாயிறு பதினைந்து கிலோமீட்டர் பயிற்சியில் இருநூற்று முப்பதில் ஓடினேன். ஜெபராஜ் என்னோடு ஓடி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். மீட்டர் எல்லாம் வாங்கவில்லை, என் கடிகாரத்தை எட்டிப் பார்த்தே ஓடுவார். "பதினஞ்சு கூடுதலா இருக்கே" என்றார். "பேசாம வாங்க" என்றேன்.

பத்து கிலோமீட்டர் வரைக்கும் ராஜாவாக இருந்தேன். பதினொன்றில் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. சாமளாபுரம் ரோட்டில் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். மகேஸ்வரி சொன்ன எண் தப்பு, மீட்டர் தப்பு, ரோடு தப்பு என்று வரிசையாகத் திட்டினேன். ஜெபராஜ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, கட்டிங் டேபிள் பக்கத்தில் நிற்கிற அதே தோரணையில் சொன்னார்: "அண்ணாச்சி, துணிய இழுத்துப் புடிச்சு விரிச்சா டேபிள்ல நீளமாத்தான் தெரியும். வெட்டுன பொறவுல்லா ஒவ்வொரு பீசும் அளவு குறையும்."

முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். என் காலும் ஒரு துணி என்பதுதான் தெரியாமல் போனது.

ஆடிக் காற்று

எங்கள் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஆளையே பின்னால் தள்ளும். என் மீட்டர் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற ரகம். அது எனக்கு ஒரு ஆடிக் காலையில்தான் தெரிந்தது. மேற்கே பார்த்து ஓடுகிறேன். வாட்ஸ் இருநூற்றுப் பதினைந்து. வேகம் மட்டும் கோயில் சுற்றுகிறவர்கள் வேகம். புல்லுக்கட்டு சுமந்துகொண்டு ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார்.

அங்கேயே நின்று கோயமுத்தூர் கடைக்காரருக்குப் போன் போட்டு, ஓட்டை மீட்டரைத் தலையில் கட்டிவிட்டாய் என்று ஒரு பிடி பிடித்தேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவர் நிதானமாகச் சொன்னார்: "காத்துச் சத்தம் எனக்கே கேக்குதுங்க. அப்படியே கெழக்கால திரும்பி ஓடிட்டே திட்டிப் பாருங்க."

மேம்பாலம்

பந்தய நாள் வந்தது. நாலாவது கிலோமீட்டரில் மேம்பாலம். ஏறத் தொடங்கியதும் கடிகாரம் இருநூற்று அறுபது காட்டியது. குறைத்தேன். மறுபடி குறைத்தேன். கூட்டமே என்னைத் தாண்டியது. அதில் பழனிச்சாமியும் ஒருவர். எங்களுக்கு எதிர் யூனிட் முதலாளி, என்னிடமிருந்து இரண்டு ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனவர். திரும்பிப் பார்த்து, "என்னங்க, லோடு ஏத்தீட்டு வர்றீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பத்தே எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். கூடவே ஓடி வந்த ஜெபராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார். எனக்கும் சுமதி வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. பழனிச்சாமி போகட்டும் என்று விட்டேன். என் வாழ்க்கையில் ஒருவரை அப்படிப் போகவிட்டது அதுதான் முதல் தடவை.

போன தடவை நான் விழுந்த அதே பெட்ரோல் பங்க் வந்தபோது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். கடிகாரம் இருநூற்றுப் பன்னிரண்டு என்றது. விழவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பழனிச்சாமி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு என்னிடம் நாலு வசனம் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் என் பாட்டிலைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, என் ஷூவைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, அந்த லேஸ்ல மாட்டிருக்கறது எங்கீங்க கெடைக்குது?"

வீடு வரை

முடிக்க இரண்டே கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஜெபராஜ் பைக்கில் ஏறச் சொன்னார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று மூன்று கிலோமீட்டர் நடந்தேன். தெருமுனையில் இருந்து நொண்டாமல் நடக்க நான் பட்ட பாடு பந்தயத்தில் படவில்லை. சுமதி கேட் அருகே நின்றிருந்தாள். மெடலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னிக்கி யாரையுமே திட்டலீங்களா?"

ஜெபராஜ் இப்போது ஊரோடு போய்விட்டார். மகேஸ்வரி கல்யாணமாகி ஈரோட்டில் இருக்கிறார். என் ஷூவில் இருப்பது மூன்றாவது மீட்டர், முதலாவதைவிடப் பத்து மடங்கு எண்கள் காட்டுகிறது. பக்கத்தில் எட்டிப் பார்த்து "கூடுதலா இருக்கே" என்று சொல்லத்தான் ஆளில்லை. மகேஸ்வரி எண் சொல்ல, காலைப் பனியில் நானும் ஜெபராஜும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஓடிய அந்த வருஷம் மாதிரி இன்னொரு வருஷம் எனக்கு அமையவில்லை.

எதிராளி சொன்ன எண்ணை அப்படியே ஒத்துக்கொண்டு நான் ஜெயித்த ஒரே வியாபாரம் அந்த இருநூற்றுப் பதினைந்துதான், தயவுசெய்து இதை என் நூல் ஏஜென்ட்டிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.