தீயணைப்பு வண்டியின் மேல் இமோஜீன்

"அசையாதீங்க மிஸ் இமோஜீன், பசை காயட்டும்" என்று ராய்ஸ் தாடியின் இடது ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"அசையலடா. மூச்சு விடறேன்."

"அதையும் கொஞ்சம் மெதுவா விடுங்க."

தீயணைப்பு நிலையத்தின் பின்னறையைத் தாழிட்டுக்கொண்டு மூன்றாவது வருடமாக இது நடக்கிறது. ராய்ஸ் அந்த நிலையத்தின் தலைவன். வயது முப்பத்தெட்டு. இமோஜீன் டார்ப்லி பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் இருபத்தாறு வருடம் கரண்டி பிடித்தவள். சின்ன வயதில் ராய்ஸின் தட்டில் பட்டாணியைப் போட்டதும், அவன் அதை நாய்க்குப் போடாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை ஊர்வலத்தில் கடைசியாக வருவது தீயணைப்பு வண்டி. அதன் கூரைமேல் கிறிஸ்துமஸ் தாத்தாவாக உட்கார்ந்து கையசைப்பது அவள் கணவன் டிவிட்டின் வேலையாக இருந்தது. முப்பத்தோரு வருடம் செய்தான். இரண்டு வருடம் முன்னால் பக்கவாதத்தில் அவனுக்கு வலது பக்கம் செயலிழந்தபோது ஊர்வலத்துக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. அங்கியைத் தைத்தவள் அவள். இடுப்பைப் பிடித்துத் தைத்து, வயிற்றுக்கு இரண்டு தலையணையைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். யார் இந்தத் தாத்தா என்று கேட்டவர்களிடம் பக்கத்து ஊர்க்காரர் என்று ராய்ஸ் சொன்னான். அவள் வாயே திறக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

ஊர்வலம் அவள் வீட்டு வழியாகத்தான் போகும். டிவிட் வீட்டு முன்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அந்தச் சிவப்பு அங்கி அவன் எதிரே போகாத வருடம் ஒன்று வந்தால் அவன் என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை.

இந்த வருடம் விழாக் குழுவுக்கு ஹார்லன் ஸ்கிப்வொர்த் புதுத் தலைவர். காப்பீட்டு அலுவலகம் வைக்க நான்கு வருடம் முன்னால் இந்த ஊருக்கு வந்தவர். நீதிமன்றப் புல்வெளியில் கிறிஸ்துமஸ் மரத்து விளக்கைப் போடும்போது தாத்தா மைக்கில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். "உங்க ஆளுக்குப் பேச வராதுன்னா இப்பவே சொல்லிடு, ராய்ஸ். என் அக்கா பையன் இருக்கான். நாடகத்துல எல்லாம் நடிச்சவன்."

இமோஜீன் எந்தக் குரலில் பேசினாலும் ஊரில் பாதிப் பேருக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். தாத்தா ஒரு பெண் என்று தெரிந்துவிட்டால் அங்கி ஹார்லனின் அக்கா பையனுக்குப் போய்விடும்.

"தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிடறேன்" என்றான் ராய்ஸ்.

"போன வருஷமும் அதான சொன்ன?"

"போன வருஷம் பல்வலி."

வெயில் ஏப்ரல் மாதம் போல அடித்தது. முன்னால் பள்ளி பாண்டு வாத்தியம், அதன் பின்னால் டிராக்டர்கள், அழகிப் பட்டம் வாங்கிய பெண்கள் உட்கார்ந்த திறந்த கார்கள், குதிரைக்காரர்கள். குதிரைகளுக்குப் பின்னால் வருவதால் லத்தியை மிதிக்காமல் தீயணைப்பு வண்டி வளைந்து வளைந்து போக வேண்டியிருந்தது. தலையணைக்கு உள்ளே வியர்வை ஓடியது. வீட்டு எதிரே ராய்ஸ் வண்டியை மெதுவாக்கினான். டிவிட் இடது கையைத் தூக்கினான். காலையில் காப்பி குடிக்கும்போது, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "ஈ... ஓட்டற மாதிரி... ஆட்டாத" என்று சொல்லியிருந்தான். அவள் முழங்கையை மடக்காமல் பெரிதாக ஆட்டினாள். அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். பரவாயில்லை என்று அர்த்தம்.

புல்வெளியில் ராய்ஸ் தொண்டை விஷயத்தைச் சொன்னான். ஹார்லன் சிரித்துக்கொண்டே மைக்கை அவள் கையில் திணித்தார். "ஒரு வார்த்தை போதும் தாத்தா. ஒரே ஒரு வார்த்தை." அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள்.

அவர் விளக்கைப் போட்டார். மரத்தில் விளக்குகள் எரிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஆரஞ்சுப் பழமும் மிட்டாயும் கட்டி வைத்த பைகளை நோக்கி ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். பைகள் இருந்த மேஜை சாய்ந்தது. நாலு வயதுப் பெண் ஒருத்தி விளக்கு ஒயரோடு அதற்கு அடியில் போய்விட்டாள். யாரோ அவள் கையை மிதித்தார்கள்.

"நில்லு!"

மைக் கையில் இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"ஒத்த வரிசை! கை அவங்கவங்க பக்கத்துல இருக்கணும்! தள்ளினவன் கடைசிக்குப் போ!"

குரல் எதிரே வங்கிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ராய்ஸ் குனிந்து அந்தப் பெண்ணை வெளியே இழுத்தான். கைக்கு ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தபோது வரிசை பிள்ளைகளோடு முடியவில்லை. இரும்புக்கடைக்காரன், மருந்துக்கடைப் பெண், போலீஸ் துணை அதிகாரி எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"அப்பா, தாத்தாவுக்கு மிஸ் இமோஜீன் குரல்" என்றான் ஒரு பையன்.

பக்கத்தில் நின்ற முடிதிருத்துகிற கிளியோட்டிஸ் குனிந்து சொன்னார்: "தாத்தாவும் நம்ம பள்ளிக்கூடத்துல சாப்பிட்டவருதான்டா. அங்க சாப்பிட்டவங்களுக்குக் கோவம் வந்தா அந்தக் குரல்தான் வரும். எனக்கும் வரும். முன்னால பாரு, இடம் போயிடப்போகுது."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு பேசாமல் நகர்ந்தவர்களை நிறுத்தி, "நன்றி சொல்ல மாட்டியா?" என்று கேட்டாள். போலீஸ் அதிகாரியையும் கேட்டாள்.

ஹார்லன் ராய்ஸின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். "அது பொம்பளைன்னு உனக்குத் தெரியுமா?"

"எந்தப் பொம்பளை?" என்றான் ராய்ஸ்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. இமோஜீன் டிவிட்டை வழக்கம்போல் தேவாலயத்துக்கு அழைத்துப்போய் மூன்றாவது வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தினாள். வந்தவர்கள் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கிளியோட்டிஸின் மனைவி, வீட்டில் ஒன்று அதிகமாகிவிட்டது என்று சொல்லித் தேங்காய்க் கேக் ஒன்று கொடுத்தாள். ஆராதனை முடிந்ததும் ஹார்லன் குடையோடு கார்வரைக்கும் வந்தார். "அடுத்த வருஷம் மைக் வேண்டாம்னு பாக்கறோம்" என்றார். "சத்தம் ரொம்ப எதிரொலிக்குது." அவள் சரி என்றாள். வீட்டுக்கு வந்து பன்றித்தொடை இறைச்சியையும் கீரையையும் சூடாக்கினாள். டிவிட் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். அங்கியை அலசிக் குளியலறைக் கம்பியில் போட்டாள். மழை விடவில்லை. கால்சட்டை செவ்வாய்க்கிழமைதான் காய்ந்தது.