முன்மொழிந்தவரின் கையெழுத்து

2011 உள்ளாட்சித் தேர்தலில் சிதம்பரம் நகராட்சிக்கு வார்டு உறுப்பினராக நிற்பதற்காக என் தங்கை சத்துணவு அமைப்பாளர் வேலையை விட்டாள். அந்த வேலையில் இருந்துகொண்டு வேட்பு மனு போட முடியாது என்று தேர்தல் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். விடுப்பு எடுத்தால் போதாது. ராஜினாமா கொடுத்து, அதை ஏற்றுக்கொண்ட ஆணையும் கையில் இருக்க வேண்டும். ஆணை வந்ததும் நகல் எடுத்து மனுவோடு சேர்த்து வைத்தவன் நான். அவள் கணவர் டீவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பழைய டீவியைச் சரிசெய்ய யாரும் தூக்கிக்கொண்டு வராத காலம் வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது அவள் சம்பளம் மட்டும்தான்.

அவள் வேலை பார்த்த பள்ளி இருந்த தெருவில், பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து பள்ளி பள்ளத்துக்குப் போய்விட்டது. நல்ல மழை பெய்தால் சாக்கடை சமையல்கூடத்துக்குள் வரும். அரிசி மூட்டைகளைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சாம்பாருக்குத் தாளிப்பாள். புகார் எழுதி எழுதி அலுத்துவிட்டாள். ரோடு போட்ட ஒப்பந்தக்காரர்தான் அந்த வார்டில் எல்லாம். வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதும் தன் மனைவியை நிறுத்தினார். சுவர் விளம்பரத்தில் மனைவி பெயரைவிட அவர் பெயர் பெரிதாக இருந்தது.

நான் கடலூரில் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். விடுப்பு எடுத்துக்கொண்டு போய் மனு வேலையைக் கவனித்தேன். வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் உள்ள பாகம், வரிசை எண், வீட்டு வரி பாக்கி இல்லை என்ற சான்று, சொத்து விவரம் எழுதிய பிரமாணப் பத்திரம் என்று ஒவ்வொன்றையும் மூலத்தோடு வைத்துப் பார்த்தேன். முன்மொழிபவர் ஒருவர்தான் மீதி. அதே வார்டில் ஓட்டு உள்ள ஒருவர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒப்பந்தக்காரரைப் பகைக்க யாருக்கும் மனம் வரவில்லை. தங்கை கணவரிடம் அவருடைய நண்பர் ஒருவர், "மச்சான், வேற எது வேணா கேளு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் வடலூருக்குப் போயிருப்பதாக அவர் மனைவி வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே அவர் இருமினார்.

கடைசியில், தங்கையின் பக்கத்து வீட்டுப் பூக்கார அம்மாள் தானாகவே முன்வந்தார். கீழவீதியில் பூ விற்கிறவர். அறுபதைத் தாண்டியவர்.

"நா போடறேன் தம்பி. எனக்கும் இந்த வார்டுலதான ஓட்டு?"

"யக்கா, நீங்க கைநாட்டாச்சே" என்றாள் தங்கை. "கைநாட்டுன்னா ஆபீசர் முன்னாடி வந்து வெக்கணும்."

"யாருடி கைநாட்டு? அறிவொளி வகுப்புல எழுதக் கத்துக்கிட்டவ நானு. ரேஷன் கடையிலதான் கட்டை விரலு. ஒவ்வொரு எழுத்தா எழுதிக்கிட்டு நின்னா, பின்னால இருக்கிறவளுங்க 'கலெக்டரம்மா, சீக்கிரம்'ங்கிறாளுங்க. எதுக்கு வம்புன்னு விரல நீட்டிட்டு வந்துடறேன்."

மனுவைப் பலகை மேல் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, கோலப் புள்ளி வைப்பது போல இடைவெளி விட்டு எழுதினார். எழுதி முடித்ததும் தங்கையின் முகத்தைப் பார்த்து, "பாத்தியா?" என்றார். அன்றே மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம்.

மனுப் பரிசீலனை அன்று காலை, தேர்தல் அதிகாரி எங்கள் மனுவை எடுத்தவுடன் ஒப்பந்தக்காரர் எழுந்தார்.

"சார், அந்தம்மா கைநாட்டு. ரேஷன் கடையில யார வேணா கேளுங்க. இது வேற யாரோ போட்டது." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அண்ணங்காரருக்குக் கையெழுத்து நல்லா வரும், கணக்கு எழுதறவரில்ல?"

அதிகாரி பொறுமையான மனிதர். "கையெழுத்து அவங்களுதுன்னா வந்து எம் முன்னாடி போட்டுக் காட்டட்டும். மூணு மணி வரைக்கும் பாக்கறேன்" என்றார்.

பூக்கார அம்மாள் வீடு பூட்டியிருந்தது. பேரனுக்கு ஜுரம் என்று மகள் கூப்பிட்டதால் முந்தின சாயங்காலமே கடலூர் முதுநகருக்குப் போய்விட்டதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். தங்கையை அலுவலகத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

மகள் வீட்டு வாசலில் ஒரு ஜல்லி லாரி நின்றது. அதன் முகப்பில் ஒப்பந்தக்காரரின் பெயர். அவரிடம்தான் மருமகன் டிரைவராக இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஜுரம் என்று சொல்லப்பட்ட பேரன் படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். மகள் நிலைப்படியைவிட்டு நகரவில்லை.

"அம்மா வரமாட்டாங்க. அவ்ளோதான். நீங்க கௌம்புங்க."

பூக்கார அம்மாள் அவளை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "நா வந்தா நாளைக்கு மாப்ளைக்கு லாரி சாவி குடுக்கமாட்டாங்களாம், தம்பி. நேத்து மத்தியானமே போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க." "ஒரு பேப்பர் குடு. அது எங் கையெழுத்துதான்னு எழுது. நா போட்டுக் குடுக்கறேன்."

"நேர்ல வரணும்னு சொல்றாங்கம்மா. தங்கச்சி வேலைய விட்டுட்டு நிக்கறா."

"தெரியும்" என்றார்.

எழுதினேன். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சாய்ந்து விழுந்தன.

நான் திரும்பியபோது மணி மூன்று ஆகவில்லை. அலுவலக வாசலில் நின்றிருந்த தங்கை என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் யாராவது ஆட்டோவிலிருந்து இறங்குகிறார்களா என்று பார்த்தாள். நான் கடிதத்தைக் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தேன். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரியே இல்லையே. சரி, ஒண்ணு மாதிரி இருந்தாலும், இதையும் அவங்கதான் போட்டாங்கன்னு நா எத வெச்சு நம்பறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். மனு தள்ளுபடி. தங்கை மெதுவாக, "சார், இதுக்காக நா வேலைய விட்டேன்" என்றாள். "அது வேற விஷயம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மனுவை எடுத்தார்.

அடுத்த வாரம், ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று விசாரிக்க அவளோடு சத்துணவுப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் அவளுக்குப் பழக்கமானவர். நாற்காலி போட்டார். "ஏத்துக்கிட்டாச்சும்மா, ஆர்டர் போட்டாச்சு. புதுசா ஆள் எடுக்கும்போது அப்ளை பண்ணுங்க" என்றவர், ஏதோ நினைவு வந்து நிறுத்தினார். "உங்களுக்கு வயசு என்னா?"

"நாப்பத்திரெண்டு."

"அதுக்கு நாப்பதோட சரிம்மா."

வெளியே வந்ததும் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "கவுன்சிலருக்கு இருவத்தோரு வயசுக்கு மேல இருந்தா போதும், இல்லண்ணா? மேல வரம்பே கெடையாது" என்றாள். கிடையாதுதான் என்றேன். அந்த விதியை நானே அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். பிறகு இருவரும் பஸ் நிலையம் வரைக்கும் நடந்தோம்.