ஆடி கழியட்டும் என்றார்கள்

கல்லூரிக்காக ஆடும் வரைதான் பாஸ்கெட் பால் விளையாட்டு. அதற்குப் பிறகும் ஆட வேண்டுமென்றால், அந்தக் காலத்து டெல்லியில் ஒரே வழிதான் உண்டு. ஏதாவது ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அணியில் சேர வேண்டும். காலையில் ஆபீஸில் கையெழுத்து, மதியத்துக்கு மேல் கோர்ட்டில் ஆட்டம், மாசம் பிறந்தால் சம்பளம். எனக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. பி.ஏ. கடைசி வருஷம் படித்தேன் என்று சொல்வதே பொய். அந்த வருஷம் முழுக்க நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

குளிர்காலத்தில் நடந்த கல்லூரிப் போட்டியில் எங்களைப் பார்த்துவிட்டு ஒரு நிறுவனத்தின் கோச் மே மாசம் தேர்வுக்குக் கூப்பிட்டார். சிமெண்டுத் தரை ஷூ வழியாகக் காலைச் சுட்டது. முப்பது பேர் வந்திருந்தோம், இருந்ததோ ஒரே இடம். கடைசி வரை எனக்கு ஈடு கொடுத்தவள் ரோத்தக்கிலிருந்து வந்த ஒருத்தி. என்னை விட நாலு விரல் உயரம், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தெல்லாம் அவள் கைக்குத்தான் போகும். ஆனால் தூரத்திலிருந்து போடுவதில் நான் கெட்டிக்காரி. பட்டியலில் நான் முதல், அவள் இரண்டாவது.

ஜூலை கடைசியில் கடிதம் வந்தது. பதினைந்து நாளில் வேலையில் சேர வேண்டும். எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸின் இரண்டு அறையும் என் சத்தத்தில் அதிர்ந்தன. அம்மா கடிதத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். கும்பிட்டு முடித்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தாள். அங்கே பிடித்தது சனியன்.

"ஏட்டி, இது ஆடில்லா? ஆடில போய் எவளாவது வேலைக்குச் சேருவாளா? ஆடி கழியட்டும்."

"அம்மா, பதினஞ்சு நாள்தான் டைம். ஜல்தி சேரணும்."

"ஆவணி ஒண்ணாந்தேதி அருமையான நாளு. முத முதல்ல வேலைக்குப் போற, நல்லபடியா போ."

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது வெதைக்கிறவனுக்கு. நீ என்ன நெல்லா நடப்போற, கூறு கெட்டவளே!"

அவளோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. நான் அப்பாவிடம் போனேன். அப்பா ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். திருநெல்வேலியிலிருந்து வந்து, முப்பது வருஷமாக ஃபைலோடு குடித்தனம் நடத்துகிறவர். அவருக்கு ஆடியில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் விதிமுறையில் அபார நம்பிக்கை இருந்தது.

"இதுக்கு எதுக்குட்டி அழுத? ஜாயினிங் டைம் எக்ஸ்டென்ஷன் கேட்டு ஒரு லெட்டர் குடுப்போம். ஆவணி பொறக்க இருவது நாள்தானே? ஒருத்தனும் இல்லைன்னு சொல்ல மாட்டான். என் செக்‌ஷன்ல தெனம் நாலு வருது, நாலையும் சரின்னுதான் போட்டு அனுப்புதேன்."

நான் கத்தினேன். இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை சாப்பிட்டுவிட்டேன். அப்பா சொன்னதை நானும் நம்பினேன் என்பதுதான் உண்மை. இத்தனை வருஷமாக அவர் எழுதிய எந்தக் கடிதமும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

கடிதத்தை அவரே எழுதினார். என்ன அழகான இங்கிலீஷ்! ஆனால் ஆபீஸ் கடிதத்தில் ஆடி மாசம் என்று எழுத அவருக்கு வெட்கமாக இருந்தது போலிருக்கிறது. 'தவிர்க்க முடியாத குடும்பக் காரணங்களால்' என்று போட்டார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பினோம். கிடைத்ததற்கான அட்டையும் வந்து சேர்ந்தது. "பாத்தியா?" என்றார் அப்பா.

ஆவணி முதல் தேதி புது சல்வாரும் நெற்றியில் திருநீறுமாக அந்த ஆபீஸுக்குப் போனேன். பெர்சனல் பிரிவில் இருந்தவர் ரிஜிஸ்தரைப் புரட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆள் சேர்ந்து மூன்று நாளாயிற்று என்றார். நான் கோச்சைத் தேடி ஓடினேன். அவர் கோர்ட்டின் ஓரத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பார்த்த முதல் இடம் என் கை.

"மேஹந்தி நஹீ லகாயி? ஷாதி ஹோ கயி நா, பேட்டா?"

கையில் மருதாணி எங்கே, கல்யாணம் ஆகிவிட்டதல்லவா என்று கேட்கிறார். எனக்குக் கல்யாணம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு வேறென்ன குடும்பக் காரணம் இருக்க முடியும்? கல்யாணமானவள் எங்கே ஆடப்போகிறாள் என்று, பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வரப்போகும் போட்டிக்கு அணியின் பெயர்களைக் கொடுக்கவும் அந்த வாரம்தான் கடைசி. நான் ஆடியை ஹிந்தியில் விளக்கப் பார்த்தேன். ஒரு மாசம், அதில் எதையும் தொடங்க மாட்டோம், எங்கள் வழக்கம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலையில் கை வைத்து, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால் இருபது நாள் லீவு நானே கொடுத்திருப்பேனே என்றார். அவர் திட்டியிருக்கலாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். அப்பா நிறுவனத்துக்கு இன்னும் மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. நான் எம்.ஏ.வில் சேர்ந்து, மறுபடியும் கல்லூரி அணிக்கே ஆடப்போனேன்.

டிசம்பரில் ஒரு பொதுப் போட்டி நடந்தது. எங்களுக்கு எதிரே வந்தது அந்த நிறுவனத்தின் அணி. நான் காவல் காக்க வேண்டியது பதினோராம் நம்பரை, ரோத்தக் பெண்ணை. கைகுலுக்கும்போது அவள் சிரித்தாள். பாவம், அவள் என்ன செய்தாள்? ஆனாலும் அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கென்று பார்த்து அப்பா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். என் ஆட்டத்தைப் பார்க்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை. எதிர் அணி எந்த நிறுவனம் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. வெயில் விழுந்த படிக்கட்டில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்துகொண்டார். வளையத்துக்குள் பந்து விழுந்தால் கை தட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். யார் போட்டாலும் தட்டினார். பதினோராம் நம்பர் என்னைத் தாண்டித் தாண்டிப் போய்ப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

பாதி ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் குடிக்க அவர் பக்கம் போனேன்.

"அந்தப் பதினொண்ணாம் நம்பர் புள்ள யாருட்டி? பிச்சு உதறுதாளே! அவகிட்ட கேட்டுக் கத்துக்கக் கூடாதா?"

சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு வாய் நிற்காது.

"என் எடத்துல சேந்தவப்பா. அவளுக்கு ஆடி கிடையாது."

அப்பா கடலையை மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். விசில் ஊதினார்கள். ஓடிவிட்டேன்.

இரண்டாம் பாதியில் ஆடியதுபோல் என் ஆயுளிலேயே ஆடியதில்லை. ஆறு பந்து போட்டேன். அதில் நாலு, கோட்டுக்கு வெளியே நின்று போட்டது. அந்த நிறுவனத்தின் கோச்சே எழுந்து நின்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் படிக்கட்டைப் பார்த்தேன். அப்பா இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். யார் போட்டாலும் தட்டவில்லை. தட்டுங்கப்பா, இப்போது போட்டது நான்தான் என்று தொண்டை வரை வந்தது. பந்து என் பக்கம் வந்துவிட்டது.